மெஸ் கமிட்டியும் ஒரு சுகாதார மந்திரியும்

சந்திப்பு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழு நண்பர்கள் போனில் பிடித்துக்கொண்டபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சிவில் இன்ஜினீயர் நான். கம்பி கட்டும் அட்டவணையும் அளவுப் புத்தகமும் தவிர வேறெதுவும் எழுதிப் பழக்கமில்லை. யோசித்துப் பார்த்ததில், நம் கல்லூரியில் நான் வகித்த ஒரே பதவி நினைவுக்கு வந்தது. மூன்றாம் ஆண்டில் ஆறு மாதம் ஹாஸ்டல் மெஸ் பிரதிநிதி.

டே-ஸ்காலர் நண்பர்களுக்காக ஒரு சிறு விளக்கம். எங்கள் மெஸ்ஸில் டிவைடிங் சிஸ்டம். மாதச் செலவைக் கூட்டி, சாப்பிட்ட நாட்களால் வகுத்து, அவரவர் பங்கைக் கட்டவேண்டும். எந்தக் கடையில் அரிசி வாங்குவது, ஞாயிற்றுக்கிழமை என்ன ஸ்பெஷல், கணக்கில் ஏன் இந்த மாதம் எண்ணெய் கூடுதல் என்பதையெல்லாம் மாணவர்கள் தேர்ந்தெடுத்த கமிட்டிதான் பார்த்தது. வார்டன் சாரும் உட்கார்ந்திருப்பார். ஆனால் முதலில் பேசுவது சாப்பிடுகிறவன்தான். காய்ச்சலில் படுத்தவனுக்கு ரூமுக்கே கஞ்சியும் ரசம் சாதமும் அனுப்பும் ஏற்பாடு அப்படி வந்ததுதான். ஒரு மழைக்காலத்தில் நாலு நாள் படுத்துக்கிடந்த முதலாண்டுப் பையன் ஒருவன் கமிட்டிக்கு வந்து, படி இறங்கி மெஸ்ஸுக்கு வர முடியாதவன் பட்டினிதான் கிடக்கிறான் என்று சொன்னான். அதுவரை எங்கள் யாருக்கும் அது தோன்றவே இல்லை. ஏனென்றால் கமிட்டியில் இருந்த நாங்கள் எல்லாரும் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தோம்.

அந்த மெஸ் கமிட்டியைப் பல வருடம் கழித்து எனக்கு ஞாபகப்படுத்தியவர் ஒரு வெள்ளைக்காரர். 1960-லேயே காலமானவர். பிரிட்டனில் காசில்லா வைத்தியத்தைக் கொண்டுவந்த சுகாதார மந்திரி, அனைரின் பெவன். அவர் கதையைத்தான் எனக்குத் தெரிந்த அளவில் இங்கே சொல்லப்போகிறேன். ஏன் இவர் என்பதற்குக் காரணம் கட்டுரையின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. அது கொஞ்சம் என் தலைகுனிவுக் கதை.

சுரங்கத்துக்குப் போன பையன்

தெற்கு வேல்ஸில் ட்ரெடீகர் என்றொரு ஊர். நிலக்கரியும் இரும்பும்தான் அதன் பிழைப்பு. அங்கே 1897-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் தேதி பெவன் பிறந்தார். அப்பா டேவிட் சுரங்கத் தொழிலாளி, அம்மா ஃபீபி தையல் தைப்பவர். வீட்டில் பிறந்தவை பத்துக் குழந்தைகள். சிலர் சிறு வயதிலேயே போய்விட்டார்கள். பெவனுக்குச் சின்ன வயதிலிருந்தே திக்குவாய். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. பதின்மூன்று வயதில் படிப்பை விட்டுவிட்டுச் சுரங்கத்தில் இறங்கினார்.

படிப்பை விட்டாரே தவிர, புத்தகத்தை விடவில்லை. ட்ரெடீகரில் தொழிலாளர்கள் தங்கள் காசில் நடத்திய நூலகம் ஒன்று இருந்தது. சுரங்கத்திலிருந்து வந்து கரியைக் கழுவிவிட்டு அங்கேதான் அவர் படித்தார். திக்குவாயையும் ஒரு இன்ஜினீயர் மாதிரிதான் சமாளித்தார் என்று எனக்குத் தோன்றும். எந்தச் சொல்லில் நாக்கு சிக்குகிறதோ, அதே பொருளுள்ள வேறு சொல்லைத் தேடி வைத்துக்கொள்வது. இதற்காக ஒருபொருட் பன்மொழி அகராதியைப் புரட்டிப் புரட்டிப் படித்தார். வழியில் பள்ளம் இருந்தால் சுற்றிப் போவது போல. கடைசியில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மிகச் சிறந்த பேச்சாளர்களில் ஒருவராக அந்தப் பையன் ஆனான் என்பது நம் இளைய மாணவர்கள் மனதில் வைத்துக்கொள்ளவேண்டிய செய்தி.

சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் உதவித்தொகையில் 1919-இல் லண்டன் போய், தொழிலாளர் கல்லூரியில் இரண்டு வருடம் படித்தார். திரும்பி வந்தால் வேலை இல்லை. பழைய கம்பெனி சேர்த்துக்கொள்ள மறுத்துவிட்டது. 1922-இல் ஊர் மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1925-இல் அப்பா இறந்தார். ஆயுள் முழுக்கச் சுவாசித்த கரித்தூள் நுரையீரலைத் தின்றுவிட்டது. அந்த நோய் அப்போது தொழில் நோய்களின் பட்டியலில் இல்லை. ஆகவே குடும்பத்துக்கு நஷ்டஈடும் இல்லை. நோய்வாய்ப்பட்டவனைக் கேட்காமல் வேறு யாரோ பட்டியல் போட்டால் என்ன ஆகும் என்பதைப் பெவன் தன் வீட்டுக்குள்ளேயே பார்த்தார்.

மூன்று பென்ஸ் வைத்தியம்

இனிமேல் வருவதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த பகுதி. ட்ரெடீகரில் ஒரு மருத்துவ உதவிச் சங்கம் இருந்தது. 1890-லிருந்து முறையாக நடந்து வந்தது. தொழிலாளி வாங்கும் சம்பளத்தில் ஒரு பவுனுக்கு மூன்று பென்ஸ் பிடித்துக்கொள்வார்கள். அன்றைக்குப் பவுனுக்கு 240 பென்ஸ். கணக்குப் போட்டால் நூற்றுக்கு ஒன்றேகால். அதற்குப் பதிலாக அந்தக் குடும்பம் முழுவதற்கும் டாக்டர், மருந்து, நர்ஸ், பல் வைத்தியம், மூக்குக்கண்ணாடி, பல்செட், தேவைப்பட்டால் செயற்கைக் கால் கூட. வெளியூர் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டுமானால் ரயில் கட்டணமும் உண்டு. நாளடைவில் சுரங்கத்தில் வேலை செய்யாத கடைக்காரர்களும் மற்றவர்களும் சேர்ந்து, சுமார் 24,000 பேர் உள்ள வட்டாரத்தில் 100-க்கு 95 பேர் உறுப்பினர் ஆகிவிட்டார்கள்.

அந்தப் பள்ளத்தாக்குகளில் பல இடங்களில் சம்பளத்தில் காசு பிடித்துக்கொண்டு, டாக்டரைக் கம்பெனியே நியமிப்பதுதான் பழைய வழக்கம். காசு தொழிலாளியுடையது, டாக்டர் முதலாளியின் ஆள். ட்ரெடீகரில் அதை மாற்றினார்கள். டாக்டர்களை வேலைக்கு எடுப்பதும் சம்பளம் நிர்ணயிப்பதும் கணக்குப் பார்ப்பதும் உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த கமிட்டி. காலையில் கரி வெட்டுகிறவர் சாயங்காலம் உட்கார்ந்து, ஊருக்கு எப்படிப்பட்ட டாக்டர் வேண்டும் என்று பேசினார். நம் மெஸ் கமிட்டிதான், கொஞ்சம் பெரிய அளவில். ஊரில் 1904-இல் கட்டிய சிறிய ஆஸ்பத்திரியும் உண்டு. அதன் நிர்வாகக் குழுவில் 1928 வாக்கில் பெவன் உறுப்பினரானார். 1929-30-இல் தலைவராகவும் இருந்தார்.

இதெல்லாம் தேனும் பாலுமாக ஓடியது என்று நினைக்கவேண்டாம். 1921 முதல் 1924 வரை ட்ரெடீகரில் டாக்டராக வேலை பார்த்த ஏ.ஜே. க்ரோனின், பிறகு எழுத்தாளராகி 1937-இல் 'தி சிட்டடெல்' என்ற நாவலை எழுதினார். 1971-இல் தேவ் ஆனந்த் நடித்து வந்த 'தேரே மேரே சப்னே' இந்திப் படம் அதன் தழுவல். நாவலில் வரும் இளம் டாக்டருக்கும் தொழிலாளர் கமிட்டிக்கும் உரசல் வருகிறது. ஆராய்ச்சிக்காக அவர் வளர்த்த சிறு பிராணிகளைக் காரணம் காட்டிக் கமிட்டி அவரைக் கூப்பிட்டு விசாரிக்கிறது. படித்த டாக்டரைப் படிக்காத கமிட்டி கேள்வி கேட்பதா என்ற கோபம் அன்றைய மருத்துவர்களுக்கு நிறையவே இருந்தது. அதில் நியாயமும் கொஞ்சம் உண்டு. மெஸ் கமிட்டி மாஸ்டருக்கு உப்பு எவ்வளவு போடவேண்டும் என்று சொல்லப் போனால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததா!

மந்திரி நாற்காலி

1929-இல் எப்பூ வேல் தொகுதியிலிருந்து தொழிற்கட்சி சார்பில் நாடாளுமன்றம் போனார். சாகும்வரை அந்தத் தொகுதி அவரை விடவில்லை. நாக்கு கூர்மை. போர்க்காலத்தில் சர்ச்சிலையே எதிர்த்துக் கேள்வி கேட்டவர். சொந்தக் கட்சியும் 1939-இல் ஒரு முறை வெளியே தள்ளி, சில மாதத்தில் திரும்பச் சேர்த்துக்கொண்டது. 1934-இல் மணந்த ஜென்னி லீயும் நாடாளுமன்றத்தில் இருந்தவர். பிற்காலத்தில் பிரிட்டனின் திறந்தவெளிப் பல்கலைக்கழகம் உருவாக முன்னின்று உழைத்த மந்திரி அவர்தான்.

1945-இல் தொழிற்கட்சி பெருவெற்றி பெற்றது. பிரதமர் அட்லி, 47 வயது பெவனைச் சுகாதார மந்திரியாக்கினார். மந்திரிசபையிலேயே இளையவர். போரில் இடிந்த வீடுகளைக் கட்டும் பொறுப்பும் அவர் தலையில்தான். 1946-இல் தேசிய சுகாதாரச் சேவைச் சட்டம் நிறைவேறியது. 1948-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் தேதி சேவை தொடங்கியது. ட்ரெடீகர் செய்ததை நாடு முழுவதற்கும் செய்துவிடவேண்டும் என்பதே அவர் எண்ணம்.

தொடங்குவதற்கு ஐந்து மாதம் முன்பு வரை மருத்துவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. 1948 பிப்ரவரியில் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் எடுத்த வாக்கெடுப்பில் பத்துக்கு ஒன்பது பேர் எதிர்த்தார்கள். பெவன் பேசினார், விட்டுக்கொடுத்தார். பெரிய நிபுணர்கள் அரசு ஆஸ்பத்திரியிலேயே தனிக் கட்டணப் படுக்கை வைத்துக்கொள்ளலாம் என்றார். மற்ற டாக்டர்களை முழுச் சம்பள ஊழியராக்கமாட்டோம் என்று சட்டத்திலேயே உறுதி தருவதாகச் சொன்னார். ஜூலையில் கதவு திறந்தது. முதல் வருடத்தில் கொடுத்த மூக்குக்கண்ணாடி மட்டும் 50 லட்சத்துக்கு மேல். அத்தனை பேர் அதுவரை கண் மங்கியபடியே காலம் தள்ளியிருக்கிறார்கள். பிற்காலத்தில் நம் நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான டாக்டர்கள் அந்தச் சேவைக்குப் போனார்கள். பெவன் பிறந்த சுரங்கப் பள்ளத்தாக்குகளிலேயே பல ஊர்களுக்குக் குடும்ப டாக்டர் தெற்காசியர்தான் என்ற நிலை இருந்தது.

விட்டுப்போன நாற்காலி

இத்தனை பெரிய சாதனையில் ஒரு சாமான் விட்டுப்போயிற்று. ட்ரெடீகரிலிருந்து பெவன் காசு முறையின் கருத்தை எடுத்துக்கொண்டார். எல்லாருக்கும் எல்லாச் சிகிச்சையும் என்பதை எடுத்துக்கொண்டார். கமிட்டியை எடுத்துக்கொள்ளவில்லை.

மந்திரிசபையிலேயே இதில் சண்டை நடந்தது. லண்டன் மாநகர நிர்வாகத்தை நடத்திப் பழகிய ஹெர்பர்ட் மாரிசன், ஆஸ்பத்திரிகளை மக்கள் தேர்ந்தெடுத்த உள்ளூர் மன்றங்களிடமே விடவேண்டும் என்றார். பெவன் மறுத்தார். பணக்கார ஊரின் மன்றம் நல்ல ஆஸ்பத்திரி நடத்தும், ஏழை ஊரின் மன்றத்துக்கு அது முடியாது, நோய்க்கு ஊர்ப் பாகுபாடு கிடையாது என்பது அவர் வாதம். மருத்துவர்களும் உள்ளூர் மன்றங்களின் கீழ் வேலை செய்யமாட்டோம் என்று உறுதியாக நின்றார்கள். அட்லி பெவன் பக்கம் நின்றார். நகராட்சி ஆஸ்பத்திரிகளும் தர்ம ஆஸ்பத்திரிகளும் அரசுடைமை ஆயின. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமாக 14 வட்டார வாரியங்கள். அவற்றில் இருந்தவர்கள் மந்திரி நியமித்தவர்கள். அவற்றின் கீழ் இருந்த நிர்வாகக் குழுக்களையும் மேலிருந்துதான் நியமித்தார்கள். நோயாளி ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆள் ஒருவரும் இல்லை. ட்ரெடீகரின் சின்ன ஆஸ்பத்திரியும் அரசின் கைக்குப் போனது.

பெவன் செய்தது தவறா? நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். அவர் சொன்ன காரணம் பொய்யில்லை. ட்ரெடீகர் மாதிரிச் சங்கம் எல்லா ஊரிலும் இல்லை. நாடு முழுக்கச் சமமாகக் கொடுக்கவேண்டுமானால் மத்தியில் ஒரு கை வேண்டும். ஆனால் சமமாகக் கொடுப்பது வேறு, கேட்டுக் கொடுப்பது வேறு. இரண்டையும் சேர்த்துச் செய்ய வழி தேடியிருக்கலாம். கமிட்டியில் உட்கார்ந்து வளர்ந்த மனிதரே அந்த நாற்காலியை வெளியே விட்டுவிட்டார் என்பதுதான் எனக்கு வருத்தம்.

அதன் விலை பின்னால் தெரிந்தது. வேல்ஸ் தலைநகர் கார்டிஃபில் ஈலி என்ற மனநல ஆஸ்பத்திரி. வருடக்கணக்கில் அங்கேயே வாழ்ந்தவர்களை அடிப்பதும் அவர்கள் பொருளை எடுத்துக்கொள்வதும் நடப்பதாக 1967-இல் அங்கே வேலை பார்த்த ஒருவர் பத்திரிகைக்குச் சொன்னார். ஜெஃப்ரி ஹவ் தலைமையில் விசாரணை நடந்து 1969-இல் அறிக்கை வெளிவந்தது. உள்ளே இருந்தவர்கள் வாய் திறந்து சொல்ல ஒரு இடம்கூட இருக்கவில்லை. அந்த அதிர்ச்சியும் சேர்ந்துதான் 1974-இல் வட்டாரந்தோறும் சமுதாய சுகாதார மன்றங்கள் வந்தன. உறுப்பினர்களில் பாதிப்பேர் உள்ளூர் மன்றங்கள் அனுப்பியவர்கள், மூன்றில் ஒரு பங்கு தொண்டு அமைப்புகள் அனுப்பியவர்கள். ஆஸ்பத்திரிக்குள் போய்ப் பார்க்கலாம். ஒரு ஆஸ்பத்திரியை மூடவேண்டுமென்றால் இவர்களைக் கலந்து பேசவேண்டும். நிர்வாகத்தில் ஓட்டு மட்டும் கிடையாது. பெவன் காலமாகிப் பதினாலு வருடம் கழித்து, விட்டுப்போன நாற்காலி அரை நாற்காலியாகத் திரும்பி வந்தது. இங்கிலாந்தில் இந்த மன்றங்களை 2003-இல் கலைத்து வேறு அமைப்புகள் வைத்தார்கள். வேல்ஸில் 2023 வரை இருந்தன. அவற்றின் இடத்தில் வந்த அமைப்புக்கு 'லைஸ்' என்று பெயர். வேல்ஸ் மொழியில் குரல் என்று அர்த்தம்.

நான் கட்டிய ஜன்னல்

இனி என் கதை. படித்து முடித்து இரண்டாவது வருடம், ஒரு ஊரில் ஆஸ்பத்திரியின் புதிய ஓ.பி. கட்டடத்துக்கு நான்தான் சைட் இன்ஜினீயர். டாக்டர்களைக் கேட்டோம், அலுவலகத்தைக் கேட்டோம், மின்சாரப் பிரிவைக் கேட்டோம். சொன்ன தேதிக்கு ஒரு வாரம் முன்பே முடித்துச் சாவியைக் கொடுத்தோம். திறப்பு விழாவில் எனக்கும் ஒரு சால்வை போட்டார்கள்.

மூன்று வருடம் கழித்து அம்மாவை முழங்கால் வலிக்கு அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சீட்டு வாங்குவது ஒரு கோடி, மருந்து வாங்குவது மறு கோடி. நடுவில் உட்கார இடமில்லை. மருந்து ஜன்னல் என் மார்பு உயரம். கண்ணாடிக்கு அடியில் ஒரு சாண் ஓட்டை. அம்மா எட்டி நின்று, தலையைச் சாய்த்து அந்த ஓட்டைக்குள் பேசவேண்டியிருந்தது. வரிசையில் பக்கத்தில் நின்ற பாட்டியிடம், இந்தக் கட்டடம் என் மகன் கட்டியது என்று அம்மா அதற்கு முன்பே பெருமையாகச் சொல்லியிருந்தாள். பாட்டி என்னைத் திரும்பிப் பார்த்து, ஏன் தம்பி, ஜன்னலை இவ்வளவு ஒசரத்துல வச்சீங்க என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். டிராயிங்கில் அப்படித்தான் இருந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மா ஒன்றும் சொல்லாமல் மாத்திரைப் பையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தாள்.

அதற்கப்புறம்தான் ஆஸ்பத்திரிகளை யார் நினைத்து யார் கட்டுகிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்து, பெவனிடம் வந்து சேர்ந்தேன். அடுத்து எனக்கு ஒரு டயாலிசிஸ் பிரிவு வேலை வந்தபோது, டிராயிங் முடிவாகும் முன் இரண்டு நாள் பழைய பிரிவின் வராந்தாவில் நோயாளிகளோடு உட்கார்ந்தேன். என்ன வேண்டும் என்று கேட்டால் முதலில் யாரும் சொல்லவில்லை. நமக்கென்ன தெரியும் சார் என்றார்கள். மத்தியானம் டீ வாங்கிக் கொடுத்த பிறகு ஒருவர் சொன்னார். கழிப்பறையில் பை மாட்ட ஒரு கொக்கி வேண்டுமாம். ரிப்போர்ட் எல்லாம் பையில்தான். ஈரத் தரையில் வைக்க முடியாது, வெளியே வைத்தால் திருட்டுப் பயம், ஆகவே ஊசி குத்திய கையிலேயே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாராம். கொக்கிக்கு ஆன செலவு மொத்த மதிப்பீட்டில் கண்ணுக்கே தெரியாது. எந்த டாக்டரும் இன்ஜினீயரும் அதைச் சொல்லியிருக்க முடியாது.

மலைமேல் நான்கு கற்கள்

பெவன் கதையை முடித்துவிடுகிறேன். 1951-இல் கொரியப் போரையொட்டி ஆயுதச் செலவு கூடியபோது, பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் பாதி விலை வாங்கலாம் என்று நிதியமைச்சர் கெய்ட்ஸ்கெல் பட்ஜெட்டில் அறிவித்தார். ட்ரெடீகரில் கரி வெட்டுகிறவனுக்கே இலவசமாகக் கிடைத்த சாமான்கள் அவை. பெவன் பதவியைத் தூக்கி எறிந்தார். அதற்குப் பிறகு அவர் மந்திரியாகவே இல்லை. 1959-இல் கட்சியின் துணைத் தலைவரானார். 1960-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் தேதி, 62-ஆவது வயதில் வயிற்றுப் புற்றுநோயால் காலமானார். அவர் தொகுதி மக்களைக் கூட்டி வைத்துப் பேசிய மலை உச்சியில், நினைவாக நான்கு சுண்ணாம்புக் கற்கள் நிற்கின்றன. நடுக்கல் அவருக்கு, சுற்றியுள்ள மூன்றும் அந்த வட்டார ஊர்களுக்கு.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு அண்ணனாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் நாளைக்கு ஆஸ்பத்திரி கட்டலாம், ஸ்கேன் மெஷின் செய்யலாம், டோக்கன் போர்டுக்கு புரோகிராம் எழுதலாம். வரைவதற்கு முன் ஒரு நாள் அந்த வரிசையில் போய் நில்லுங்கள். டீ வாங்கிக் கொடுங்கள், அவசரப்படாமல் கேளுங்கள். முடிந்தால் அவர்களில் இரண்டு பேரைக் கூட்டம் நடக்கும் அறைக்கே அழைத்து வந்து உட்கார வையுங்கள்.

நான் கட்டிய ஜன்னல் இன்னும் அதே உயரத்தில்தான் இருக்கிறது. அதைத் தாழ்த்த எவ்வளவு ஆகும் என்று போட்ட மதிப்பீட்டை அந்த நிர்வாகத்திடம் கொடுத்திருக்கிறேன். கூலி என் கணக்கு. பதில் வந்ததும் அடுத்த மலரில் எழுதுகிறேன்.  மெஸ்ஸில் சந்திப்போம்.